நாலு தேக்கரண்டி ரத்தமும் ஆறாத ஒரு புண்ணும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. இட்லிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் பதினோரு மணி வரைக்கும் நின்ற கால்தான். இன்றைக்கு நான் பேச வந்ததும் அந்தக் காலைப் பற்றித்தான். முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். போன வருஷம் நான் குழுவில் கிரைண்டர் வாங்கணும் என்று இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கினேன். கிரைண்டர் வாங்கவில்லை. அந்தப் பணம் எங்கே போச்சு, ஏன் போச்சு என்பதைத்தான் சொல்லப் போறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாத்திரை போடுவேன், சில நாள் மறப்பேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே! ஆடி மாசம் ஒரு நாள் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். தரையெல்லாம் ரத்தம். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி, கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஏறியிருக்கிறது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறேன். வலிக்கவே இல்லை. "வலி இல்லையே, நல்லதாப் போச்சு"ன்னு நினைச்சேன். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு.

மஞ்சள் வைத்தேன். வேப்பெண்ணெய் தடவினேன். மருந்துக் கடையில் கேட்டு ஒரு பவுடர் வாங்கிப் போட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நாலு நாளில் மறுபடி ஈரமாகும். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. யார்கிட்டயும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னா, எங்கம்மாவுக்கும் இதேதான் நடந்தது. அவங்களுக்கும் காலில் புண், அவங்களும் மறைச்சாங்க. விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். முட்டிக்குக் கீழே எடுத்தாங்க. இரண்டு வருஷத்தில் எங்களை விட்டுப் போயிட்டாங்க. அதிலிருந்து என் மனசில் ஒரே எண்ணம்தான்: ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துடுவாங்க.

ஐப்பசியில் ஒருத்தர் ஒரு தனியார் இடத்தைச் சொன்னார். அங்கே, "உங்க ரத்தத்திலிருந்தே மருந்து எடுத்து வைப்போம், மூணே தடவையில் ஆறிடும்"னாங்க. ஒரு தடவைக்கு ஒன்பதாயிரம். அதுக்காகத்தான் நான் கிரைண்டர் கடன் கேட்டது. போனேன். ரத்தம் எடுத்தாங்க, எதையோ சுத்தினாங்க, புண்ணைச் சுற்றி ஊசி போட்டாங்க, கட்டுக் கட்டி அனுப்பிட்டாங்க. சர்க்கரை எவ்வளவுன்னு கேட்கலை. காலில் ரத்த ஓட்டம் இருக்கான்னு பார்க்கலை. நடக்கலாமான்னு கேட்டதுக்கு "தாராளமா நடங்க"ன்னாங்க. மறுநாளே நான் கடையில் நின்னேன். ஒரு வாரத்தில் புண் இன்னும் பெரிசாச்சு. மிச்சப் பணம் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் கரைஞ்சு போச்சு.

மூணு வாரம் நான் குழுக் கூட்டத்துக்கு வரலை. அபராதம் போட்டாங்க, கட்டினேன். நாலாவது வாரம் எங்க ஊக்குநர் அக்கா நேரே வீட்டுக்கு வந்துட்டாங்க. வாசப்படியில் கால் வெச்சதும் மூக்கைச் சுளிச்சாங்க. "ஏண்டி, என்ன வாடை இது? காலைக் காட்டு"ன்னாங்க. நான் புடவையை இழுத்து மூடினேன். அவங்க கீழே உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசலை. எழுந்து போய் என் மகளுக்குப் போன் போட்டாங்க. அவ நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிறா. நான் அவகிட்டயும் மறைச்சிருந்தேன். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைச்சிட்டுப் போனாங்க.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் புண்ணைத் தொடவே இல்லை. நைலான் நூல் மாதிரி ஒரு இழையால் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தி, "தெரியுதாம்மா?"ன்னு கேட்டாங்க. ஏழு இடத்தில் எனக்கு ஒண்ணுமே தெரியலை. பிறகு காலில் நாடி பார்த்தாங்க, சின்ன கருவி வைத்து ரத்த ஓட்டம் கேட்டாங்க, எலும்புக்குள்ளே சீழ் போயிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்தாங்க, மூணு மாசச் சராசரிச் சர்க்கரை பார்த்தாங்க. 10.8 வந்தது. "காலை எடுக்கணுமா டாக்டர்?"னு அழுதேன். அவங்க சொன்னாங்க: "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, எலும்பு நல்லா இருக்கு. நீங்க இப்பவே வந்ததால் காலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. உங்கம்மா காலை எடுத்தது ஆஸ்பத்திரி இல்லைம்மா, தாமதம்."

அந்த ஒரு வார்த்தை என் பத்து வருஷப் பயத்தை உடைச்சுது.

அப்புறம் அவங்க விளக்கினது இது. சர்க்கரை பல வருஷம் ஏறி நின்னா பாதத்தில் இருக்கிற நரம்பு மரத்துப் போகும். வலி தெரியாததால் புண் மேலேயே நடப்போம். ஒவ்வொரு அடியிலும் உடம்போட பாரம் முழுக்க அந்தப் புண்ணில் இறங்கும். உடம்பு ராத்திரியெல்லாம் தைக்கிறதை நாம் பகலெல்லாம் பிரிச்சுக்கிட்டே இருக்கோம். அப்புறம் எப்படி ஆறும்?

இந்த உண்மையைக் கண்டுபிடிச்சதில் நம்ம தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர், 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று அப்போது எல்லாரும் நம்பினாங்க. அவர்தான் கவனிச்சுச் சொன்னார்: நோய் வலியைத்தான் எடுத்துக்கொள்கிறது, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் விரல் போகிறது என்று. ராத்திரி தூங்கும்போது எலி கடித்தாலும் அவங்களுக்குத் தெரியாதாம். அதுக்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாராம்! காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, புண் மேல் பாரம் விழாமல் மாவுக்கட்டு, இந்த வழிகளை அவர் வளர்த்தார். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரைக்காரங்க காலுக்கும் அதையே பயன்படுத்தினார். இப்போ நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் கதை இதுதான்.

எனக்கும் முதல் நாலு வாரம் அந்த வேலைகள்தான் நடந்தது. புண்ணைச் சுற்றித் தடிச்சிருந்த தோலையும் உள்ளே செத்துப் போன சதையையும் வாரா வாரம் சீவி எடுத்தாங்க. கிருமிக்கு மருந்து. சர்க்கரைக்கு இன்சுலின். காலை ஊன்றாமல் இருக்க மாவுக்கட்டு மாதிரி ஒரு பூட்ஸ். கடையை மூடக் கூடாதே என்று குழுவில் நாலு பேர் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் மாவு அரைத்து, இட்லி ஊற்றி வித்துக் கொடுத்தாங்க. அவங்க இங்கே உட்கார்ந்திருக்காங்க. பேரைச் சொன்னால் கோபிப்பாங்க.

நாலு வாரம் கழித்து டாக்டரம்மா அளந்தாங்க. முதலில் மூணு சென்டிமீட்டர் நீளம், இரண்டு அகலம். இப்போ இரண்டரை நீளம், இரண்டு அகலம். "நாலு வாரத்தில் பாதியாவது சுருங்கியிருக்கணும். இது பிடிவாதம் பிடிக்கிற புண். இப்போ உங்க ரத்தத்தைக் கொண்டே ஒரு வைத்தியம் செய்யலாம்"னாங்க.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "வேண்டாம் டாக்டர், அதுக்குத்தான் கடன்பட்டு ஏமாந்தேன்"னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க சிரிக்கலை, திட்டலை. "விதை நல்ல விதைதாம்மா. களை எடுக்காம, உழாம, பாறை மேல விதைச்சுட்டாங்க. இப்போ நாலு வாரமா நிலத்தை உழுது வெச்சிருக்கோம்"னாங்க.

இது என்ன வைத்தியம்னு இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

டெங்கு வந்தால் "தட்டணு குறைஞ்சுடுச்சு, பிளேட்லெட் இறங்கிடுச்சு"ன்னு பதறுவோமே, அந்தத் தட்டணுதான் இது. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகி, ரத்தத்தில் எட்டுப் பத்து நாள் உயிரோடு இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் ரொம்பச் சின்னப் பங்கில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரைக்கும் இருக்கும். கை அறுந்தால் முதலில் ஓடி வந்து ஓட்டையை அடைப்பது இவங்கதான். அது நமக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், ஒவ்வொரு தட்டணுவும் தனக்குள்ளே சின்னச் சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறது. அடைத்த கையோடு அந்தப் பொட்டலங்களை அவிழ்க்கும். உள்ளே இருக்கிற பொருள்கள், "இங்கே வாங்க, புதுத் தோல் வேணும், புது ரத்தக் குழாய் வேணும்"னு சுற்றியிருக்கிற அணுக்களைக் கூப்பிடும். நம்ம ஊக்குநர் வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி.

நாள்பட்ட புண்ணில் இந்தக் கூப்பாடு அடங்கிப் போயிருக்கும். அதனால் தட்டணுவைத் திரட்டி, கூட்டமாகக் கொண்டு போய்ப் புண்ணிலேயே இறக்குகிறார்கள். இது நேற்று வந்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் நைட்டன் என்கிற மருத்துவரும் கூட இருந்தவர்களும், ஆறாத புண் இருந்த 49 பேருக்கு அவரவர் தட்டணுவிலிருந்து எடுத்த பொருளைப் போட்டுப் பார்த்து 1986-லேயே எழுதியிருக்கிறார்கள். 2001-ல் பிரான்சில் ஷூக்ரூன் என்பவர் இன்னும் எளிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்குச் செய்தது அந்த எளிய முறை.

"ஏற்கெனவே ரத்தம் இல்லாதவ நான், இன்னும் எடுக்கிறீங்களா?"ன்னு நர்ஸம்மாவைக் கேட்டேன். "இருபது மில்லிதாம்மா, நாலு தேக்கரண்டி"ன்னாங்க. இரண்டு கண்ணாடிக் குழாயில் பிடிச்சாங்க. அதில் வேற மருந்து எதுவும் கலக்கலை. உடனே ஒரு மெஷினில் வைச்சு வேகமாகச் சுத்த விட்டாங்க. தயிரைக் கடைஞ்சா வெண்ணெய் தனியா, மோர் தனியா நிக்குமே, அதே மாதிரிதான். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து எடுத்துக் காட்டினாங்க. அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் தண்ணி, நடுவில் நுங்கு மாதிரி ஒரு கட்டி. அந்த நுங்கில்தான் தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் சிக்கியிருக்கும். அதை எடுத்து மெதுவாக அழுத்தினாங்க. இளநீர் வழுக்கை மாதிரி மெல்லிசா ஆச்சு. சுத்தம் செஞ்ச புண் மேல அதைப் படிய வைச்சு, ஒட்டாத கட்டுப் போட்டு, "ஒரு வாரம் தொடக் கூடாது, நனைக்கக் கூடாது, ஊன்றக் கூடாது"ன்னாங்க. அவ்வளவுதான். நம்ம ரத்தமே என்பதால் ஒவ்வாமை வருகிற பயம் ரொம்பக் குறைவு.

சிலர் இன்னொரு முறையில் செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கலந்து, இரண்டு தடவை சுத்தி, தட்டணு நிறைந்த நீரை எடுத்துப் புண் ஓரத்தில் ஊசியாகவோ மேலே கூழாகவோ போடுவார்கள். எனக்கு முதலில் தனியார் இடத்தில் போட்டது அப்படித்தான். அதுவும் சரியான முறைதான். ஆனால் மற்ற எதையும் பார்க்காமல் போட்டதுதான் தப்பு.

வாரம் ஒரு தடவை, ஆறு தடவை வைத்தாங்க. மூணாவது வாரம் கட்டைப் பிரிச்சபோது புண்ணோட அடி வெளுப்பு மாறி, மாதுளை முத்து மாதிரி சிவப்பாக இருந்தது. "இதுதாம்மா நல்ல சதை"ன்னாங்க. ஆறாவது வாரம் ஒரு மொச்சைக் கொட்டை அளவு. ஒன்பதாவது வாரம் மூடிக்கொண்டது. அன்றைக்கு நான் அழுததைப் பார்த்து நர்ஸம்மாவும் கண்ணைத் துடைச்சாங்க. அங்கே என்கிட்ட பணம் வாங்கலை. என் செலவு பஸ் கட்டணம்தான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதைக் கேட்டுட்டு நாளைக்கே யாரும், "அவளுக்கு ஆறிடுச்சாம், எனக்கும் அதையே வைங்க"ன்னு ஓடக் கூடாது. என் மகள் எனக்கு ஒரு கணக்குச் சொன்னாள். இங்கிலாந்து, டென்மார்க், சுவீடன் மூணு நாட்டிலும் சேர்த்து 269 சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு ஆராய்ச்சி செய்து 2018-ல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் பிடிவாதமான கால் புண். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான நல்ல கவனிப்பு மட்டும். இன்னொரு பாதிக்கு அதே கவனிப்போடு வாராவாரம் சொந்த ரத்தத்தில் செய்த பொருக்கு. 20 வாரத்தில் வெறும் கவனிப்பில் நூற்றுக்கு 22 பேருக்கு ஆறியது. பொருக்கும் சேர்ந்தபோது 34 பேருக்கு ஆறியது. பன்னிரண்டு பேர் கூடுதல். அது பெரிய விஷயம்தான், அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி நானாக இருக்கலாம். ஆனால் மிச்சம் 66 பேருக்கு அந்த 20 வாரத்துக்குள் ஆறவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அதனால் "மூணு தடவையில் நிச்சயம் ஆறும்"னு யாராவது சத்தியம் செஞ்சா, செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துடுங்க.

காலில் ரத்த ஓட்டமே அடைபட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்யணும். எலும்பில் சீழ் இருந்தால், புண்ணில் கிருமி கொதித்துக்கொண்டிருந்தால், தட்டணுவே ரொம்பக் குறைவாக இருந்தால், ரத்தத்தில் வேறு நோய் இருந்தால், இந்த வைத்தியம் அப்போதைக்குச் சரிப்படாது. நாள்பட்ட புண் சில சமயம் புற்றுநோயாகவும் இருக்கும். அதைச் சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் நாலே கேள்வி கேளுங்க: என் காலில் ரத்த ஓட்டம் பார்த்தீங்களா? எலும்பு பார்த்தீங்களா? என் சர்க்கரை எவ்வளவு? நான் காலை ஊன்றாமல் இருக்க என்ன தரப் போறீங்க? இதுக்குப் பதில் இல்லாத இடத்தில் நம்ம சேமிப்புப் பணத்தைக் கொட்ட வேண்டாம். குழாயும் ஊசியும் உங்க கண் முன்னால் புதுசாகப் பிரிக்கிறாங்களான்னும் பாருங்க.

எல்லாவற்றையும் விட நல்லது, புண்ணே வராமல் பார்ப்பது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்க. குனிய முடியலைன்னா பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க. செருப்பைத் தட்டி உதறிவிட்டுப் போடுங்க. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலில் நடக்காதீங்க. கோயிலில் வெயில் நேரத்துக் கருங்கல் தரையில் கவனம், சுடுவதே நமக்குத் தெரியாது. வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பாருங்க. விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைங்க. ஆணிக்காலை பிளேடு வைத்து நீங்களே அறுக்காதீங்க. ஒரு சின்னக் கொப்பளம் வந்தாலும் மறுநாளே காட்டுங்க. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வலர்கள் நம்ம குழுக்களிலிருந்து போன பெண்கள்தானே! அவங்ககிட்ட மாத்திரை மட்டும் வாங்காமல் காலையும் காட்டுங்க.

இனி அந்தக் கடன் விஷயம். புண் ஆறின பிறகு நான் குழுக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஒருத்தி, "எங்ககிட்ட கேட்டிருந்தா மருத்துவக் கடன்னே எழுதிக் கொடுத்திருப்போமே, எதுக்குக் கிரைண்டர்னு பொய் சொன்னே?"ன்னாள். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. நம்பிக்கையில் நடக்கிற குழுவில் நான் நம்பாமல் போனேன். தவணையை மாற்றி எழுதித் தந்தாங்க. இதுவரைக்கும் பதினாலாயிரம் கட்டிட்டேன். மிச்சத்தையும் கட்டிவிட்டுத்தான் அடுத்த கடனுக்கு வாய் திறப்பேன்.

அன்றைக்கு எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாதத்தின் முதல் வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும், சர்க்கரை இருக்கிறவங்க எல்லாரும் காலை நீட்டி உட்காரணும். பக்கத்தில் இருக்கிறவள் பார்க்கணும். பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். ஐந்து நிமிஷ வேலை. முதலில் வெட்கப்பட்டாங்க, "என் காலை நீ தொடறதா?"ன்னு கூச்சப்பட்டாங்க. இரண்டாவது மாசமே, தனக்கே தெரியாமல் ஒரு அக்காவின் குதிகாலில் இருந்த வெடிப்புப் புண்ணைக் கண்டுபிடிச்சோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைச்சிட்டுப் போனோம். மூணு வாரத்தில் ஆறிடுச்சு. அவங்களுக்கு ரத்தம் எடுக்கவும் வேண்டியிருக்கலை, மெஷின் சுத்தவும் வேண்டியிருக்கலை.

இந்தத் தீர்மானத்தை நம்ம கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுக்களும் போடணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். கடனை மறைத்தால் வட்டி ஏறும், புண்ணை மறைத்தால் கால் போகும். இரண்டையும் மறைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்க பாதத்தைப் பாருங்க. ஏதாவது இருந்தால் நாளைக்குக் காலையில் என் கடைக்கு வாங்க. கடையை மூடிவிட்டு நானே கூட வர்றேன்.